கல்லடியில் தொலைநோக்கி வாங்குவது பற்றி: எதை வாங்குவது, எங்கே வைப்பது, எதைப் பார்ப்பது

கேள்வி, 2025 பெப்ரவரி 16

அண்ணன், மகளுக்குப் பதினொரு வயது. நிலாவையும் கோள்களையும் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த மாதக் கடைசியில் ரொறன்ரோவிலிருந்து மச்சான் வருகிறார், எது வேண்டுமென்றாலும் கொண்டுவருவதாகச் சொல்கிறார். கொழும்புக் கடையொன்றில் மோட்டார் பூட்டிய முக்காலியோடு 525 மடங்கு பெருக்கும் தொலைநோக்கி என்று ஒன்றையும் காட்டினார்கள். எங்கள் வீடு மட்டக்களப்பில், கல்லடியில், கடற்கரைக்குக் கிட்ட. மேலே கொங்கிறீற் தட்டு இருக்கிறது. எதை வாங்கச் சொல்வது?

2025 பெப்ரவரி 17

525 என்ற எண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டாம். தொலைநோக்கியின் குவியத்தூரத்தை (ஒளி ஒரு புள்ளியில் குவிய எடுக்கும் தூரம்) பார்வைத்துண்டின், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லைக்குழலின், குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வந்துவிடும். ஆகவே மிகச் சிறிய பார்வைத்துண்டு ஒன்றைச் செருகி எந்தக் குழாயிலும் எந்த எண்ணையும் வரவழைக்கலாம். உண்மையில் எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது முன்னால் இருக்கும் வில்லையின், அல்லது உள்ளே இருக்கும் ஆடியின், விட்டமே. நல்ல வானத்தில் ஒரு மில்லிமீற்றர் விட்டத்துக்கு இரண்டு மடங்கு என்பதே நடைமுறையில் உச்சம். நீங்கள் பார்த்தது 60 மில்லிமீற்றர்க் குழாயாக இருந்தால் 120 மடங்குக்கு மேல் உருவம் பெரிதாகும், ஆனால் மங்கிக் கலங்கிப் போகும்.

என்னுடைய தெரிவு 150 மில்லிமீற்றர், அதாவது ஆறு அங்குல, டொப்சோனியன். 60 மில்லிமீற்றர்க் குழாயைவிட ஆறு மடங்குக்கும் அதிகமான ஒளியை அது சேர்க்கும். முக்காலி கிடையாது. தரையில் வைக்கும் பலகை அடித்தளத்தில் குழாய் உட்கார்ந்திருக்கும், கையால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தள்ளித் திருப்பலாம். குழந்தை ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். இந்த அமைப்பைப் பரப்பிய ஜோன் டொப்சன் (1915–2014) சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண சங்கத்தைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கழித்துப் போட்ட கப்பற் சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, ஒட்டுப்பலகையில் அடித்தளம் செய்து, தெருவோரத்தில் வைத்துப் போவோர் வருவோருக்கெல்லாம் நிலாவைக் காட்டினார். உப்போடை இராமகிருஷ்ண மிஷனின் அயலில் வாழும் உங்களுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

2025 பெப்ரவரி 18

மோட்டார் முக்காலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த அமைப்பில் ஓர் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் மோட்டார் வானத்தின் சுழற்சியைச் சரியாகப் பின்தொடரும். மட்டக்களப்பு வட அகலாங்கு 7.7 பாகையில் இருப்பதால் துருவ நட்சத்திரமும் வடக்குத் தொடுவானத்துக்கு மேலே அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முட்டி பிடித்தால் அதற்குள் மறைந்துவிடும் உயரம் அது. வடக்கே தென்னை நிற்கும் வளவில் அதைக் காணவே முடியாது, தென்னை இல்லாத இடத்திலும் தொடுவானத்து ஈரப்புகார் மூடிவிடும். அதோடு, இந்த முக்காலிகளிற் பல ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மனத்திற் கொண்டு செய்யப்பட்டவை. அச்சை எட்டுப் பாகைக்குத் தாழ்த்தினால் எதிர்ப்பாரத்தின் தண்டு முக்காலியின் காலில் முட்டும், சிலவற்றில் அச்சு அவ்வளவு தாழவே மாட்டாது. கனடாவில் அருமையாக வேலை செய்யும் பொருள் இங்கே வந்து பெரிய தொல்லையாகிவிடும் என்பதை மச்சானிடம் சொல்லுங்கள்.

மோட்டார் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். 120 மடங்கில், சாதாரணப் பார்வைத்துண்டில், வியாழன் ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் வெளியேற ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் எடுக்கும். விரலால் மெல்லத் தள்ளினால் திரும்ப நடுவே வரும். பூமி சுழல்வதைப் பிள்ளை கண்ணாற் காண்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

2025 பெப்ரவரி 20

இரண்டு நாளாக யோசித்ததில், உங்கள் விஷயத்தில் ஆறு அங்குலத்தை வற்புறுத்த முடியவில்லை. அதன் குழாய் ஏறத்தாழ 1.2 மீற்றர் நீளம், அடித்தளமும் பெரியது. விமானப் பொதியில் அது பெருஞ்சுமை. வருகிறவர் கையோடு கொண்டுவரக்கூடியது, குழாயை உள்ளே தள்ளிச் சுருக்கக்கூடிய 130 மில்லிமீற்றர் மேசை டொப்சோனியன்தான். ஸ்கை-வொட்சர் ஹெரிடேஜ் 130 அப்படிப்பட்டது. குவியத்தூரம் 650 மில்லிமீற்றர், எடை ஏறக்குறைய ஆறு கிலோ. 25 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டில் 26 மடங்கும், 10 மில்லிமீற்றரில் 65 மடங்கும் கிடைக்கும். இரட்டிப்பாக்கும் பார்லோ வில்லை ஒன்றும் வாங்கினால் 130 மடங்கு வரை போகலாம். இப்போதைக்கு அது போதும். உறுதியான ஸ்டூல் ஒன்று தேவைப்படும், ஆடும் பிளாஸ்ரிக் மேசையில் வைக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். குழாய் அரை மீற்றர் நீளமே இருக்க, குவியத்தூரம் 1000 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கும் மலிவான ஆடித் தொலைநோக்கிகள் இருக்கின்றன. பார்வைத்துண்டைப் பூட்டும் குழலுக்குள் ஒரு வில்லையை ஒளித்து வைத்து அந்தக் குவியத்தூரத்தைப் பெறுகிறார்கள். அவற்றின் ஆடிகளை ஒழுங்குபடுத்துவது பழகியவருக்கே கடினம், உருவமும் கூர்மையாக இராது.

2025 மார்ச் 3

சாமான் வந்துவிட்டது என்று அறிந்து மகிழ்ச்சி. இரவில் எதையும் தேடுவதற்கு முன்னர், பகல் வெளிச்சத்தில், குறி பார்க்க உதவும் சிறிய தேடுநோக்கியைப் பிரதான குழாயோடு பொருத்துங்கள். 25 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டைப் போட்டு, தொலைவில் அசையாமல் நிற்கும் ஒன்றை நடுவே கொண்டுவாருங்கள். உங்கள் தட்டிலிருந்து தெரிந்தால் பாலமீன்மடு வெளிச்சவீட்டின் உச்சி நல்லது, இல்லாவிட்டால் தொலைபேசிக் கோபுரமொன்றின் நுனி. பின்னர் தேடுநோக்கியின் திருகுகளைத் திருப்பி அதன் செம்புள்ளியையும் அதே நுனியில் நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் இருட்டில் தேடி, எதுவும் அகப்படாமல் சலித்து, முதல் கிழமையிலேயே தொலைநோக்கியை அறைக்குள் வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

பகலில் வெளியே எடுக்கும்போது சூரியன் இருக்கும் பக்கம் குழாய் திரும்பவே கூடாது. ஒரு கணம் பார்த்தாலும் கண்பார்வை நிரந்தரமாகப் போய்விடும். பார்வைத்துண்டில் திருகிப் பூட்டும் சிறிய கறுப்பு வடிகட்டி பெட்டியில் இருந்தால் அதை எறிந்துவிடுங்கள், குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கக்கூடும். சூரியனைப் பார்ப்பதானால் குழாயின் முன்வாயை முழுதாக மூடும், அதற்கென்றே செய்த வடிகட்டிதான் வேண்டும். 2019 டிசம்பர் 26 அன்று யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் கங்கண கிரகணம் தெரிய, இங்கே பகுதி கிரகணம் தெரிந்தபோது, எக்ஸ்-றே படத்தை மடித்துப் பிடித்துப் பார்த்தவர்களைக் கண்டு நான் பதறினேன். பிள்ளையிடம் இதைப் பலமுறை சொல்லுங்கள்.

இந்தக் கிழமை மேற்கு வானம் பிள்ளைகளுக்கென்றே அமைந்திருக்கிறது. வாவிக்கு அப்பால், படுவான்கரைப் பக்கம், பொழுது பட்டதும் தெரியும் வெள்ளியை 26 மடங்கில் பாருங்கள். அது நட்சத்திரம்போல் புள்ளியாக இராது, மெல்லிய பிறையாக இருக்கும். இன்றைய வளர்பிறை நிலாவும் அதே வானத்தில் நிற்பதால் இரண்டு பிறைகளையும் அடுத்தடுத்துக் காட்டலாம். வெள்ளி மார்ச் 23 அளவில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே வந்துவிடும், அதற்கு முன் பிறை நாளுக்கு நாள் பெரிதாகவும் மெலிதாகவும் ஆகும். அடுத்து, உச்சிக்கு அருகே நிற்கும் வியாழன். அதன் இரு பக்கமும் ஒரே கோட்டில் நிற்கும் நான்கு நிலாக்களைப் பிள்ளை கொப்பியில் வரைந்து வைக்கட்டும். மறுநாள் இடம் மாறியிருக்கும். கலிலியோ 1610இல் செய்ததும் அதுவே.

2025 மார்ச் 23

தட்டில் வைத்தால் உருவம் நடுங்குகிறது, தண்ணீருக்கடியில் பார்ப்பதுபோல் இருக்கிறது என்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு காரணத்தால் வருவன. நடுக்கம், நீங்களோ பிள்ளையோ தட்டில் நடக்கும்போது வரும் அதிர்வு. அலைவதுபோல் தெரிவது, பகலெல்லாம் காய்ந்த கொங்கிறீற் முன்னிரவு முழுவதும் வெளிவிடும் வெப்பத்தால் வருகிறது. வளவில் இறங்கி மணலில் வையுங்கள். ஸ்டூலின் கால்கள் மணலில் புதையாமல் அடியில் ஒரு பலகையைப் போடுங்கள். மணல் விரைவாக ஆறிவிடும். நம்முடைய பகுதியில், இடத்தைச் சரியாகத் தெரிந்தெடுத்தால், காற்று அமைதியாக இருக்கும் இரவுகள் நிறைய. கோள்களை உயர்ந்த பெருக்கத்தில் பார்க்க இது பெரிய கொடை. கோள்கள் எல்லாமே நமக்கு உச்சிக்கு அருகால் போவது இன்னொரு கொடை. இலண்டனில் தொடுவானத்தின் தடித்த காற்றுக்குள் அமிழ்ந்து தெரியும் கோளை நாம் தலைக்கு மேலே பார்க்கிறோம்.

குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுவருவதாகவும் எழுதியிருந்தீர்கள். அப்படிச் செய்தால் குளிர்ந்த கண்ணாடியில் உடனே நீர்த்திவலை படியும். குளிரூட்டி இல்லாத அறையிலேயே வைத்துக்கொண்டால் வெளியே எடுத்த சிறிது நேரத்திலேயே வேலைக்குத் தயாராகிவிடும்.

நுளம்பு பற்றியும் ஒரு சொல். உடம்பில் பூசும் நுளம்பு விரட்டி பார்வைத்துண்டின் பூச்சிலும் பிளாஸ்ரிக்கிலும் படக்கூடாது. பூசிய கையைக் கழுவித் துடைத்த பின்னரே வில்லைகளைத் தொடுங்கள். நுளம்புத்திரியைக் காற்று குழாயைக் கடந்து போகும் பக்கத்தில், புகை குழாயின் முன்னால் போகாதபடி, தள்ளி வையுங்கள். நீண்ட காற்சட்டையும் காலுறையும்தான் சிறந்த பாதுகாப்பு.

2025 ஏப்ரல் 28

நேற்று அமாவாசை. கல்லடியிலிருந்தும் நாவற்குடாவிலிருந்தும் தெற்கே பார்த்தால் காத்தான்குடியின் வெளிச்சம் தாழ்ந்த வானத்தை மூடிவிடுகிறது. நமக்கென்று வாய்த்த செல்வம் அந்தத் தெற்கு வானத்தில்தான் இருக்கிறது. ஆகவே மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம், உறவினர் ஒருவருடைய வளவுக்குப் போனோம். அங்கே நகரத்து வெளிச்சம் வடகிழக்கே ஒதுங்கிவிடும். தெற்கே வயல்வெளிதான்.

எட்டரை மணியளவில் கரீனா நெபுலா (நெபுலா என்பது விண்வெளியில் வாயுவும் தூசியும் சேர்ந்த முகில்) உச்சத்தில், தொடுவானத்துக்கு மேல் 22 பாகையில் நின்றது. பத்து மணியளவில் தென் சிலுவை நிமிர்ந்து நின்றது. பதினொரு மணிக்கு ஒமேகா சென்டாரி, 35 பாகை உயரத்தில். கண்ணுக்கு மங்கலான ஒரு நட்சத்திரமாகத் தெரியும் அதை 26 மடங்கில் பார்த்தபோது வட்டமான வெண்புகாராக இருந்தது. 65 மடங்குக்கு மாற்றி, நேரே உற்றுப் பார்க்காமல் பார்வையைச் சற்று ஓரத்தில் நிறுத்தியதும், அந்தப் புகாரின் விளிம்பு முதலில் பொடிப்பொடியாக உடைந்தது. பின்னர் உள்நோக்கி, நடுப்பகுதிக்குச் சற்று வெளியே வரை, எண்ண முடியாத நுண்புள்ளிகள் தோன்றித் தோன்றி மறைந்தன. ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள் கொண்ட கொத்து அது, 17,000 ஒளியாண்டுத் தூரத்தில் இருக்கிறது. உங்கள் மச்சான் இதைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். ரொறன்ரோவில் இது தொடுவானத்துக்கு மேல் எழுவதே இல்லை.

அங்கே போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. படுவான்கரையின் உட்புறக் கிராமங்களில் யானை வரும். இருட்டான இடம் என்பதற்காகக் குளக்கட்டிலோ வயற்கரையிலோ தனியாகப் போய் உட்காராதீர்கள். வீட்டு வளவுக்குள், அவ்வூர் ஆட்களோடு இருங்கள், யானை நடமாட்டம் இருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடைக்குப் பின் வைக்கோல் எரிக்கும் நாட்களையும் தவிருங்கள், புகை இரவிலும் தாழ்ந்து கிடக்கும்.

2025 மே 6

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதிய ஆசிரியத் தங்கச்சிக்கு: நெபுலாக்கள் படத்தில் உள்ளதுபோல் சிவப்பாகத் தெரியவில்லை என்று மாணவர்கள் ஏமாந்ததாக எழுதியிருந்தீர்கள். மங்கலான ஒளியில் நம் கண்ணின் நிறமறியும் கலங்கள் வேலை செய்வதில்லை, கமராவோ நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்க்கிறது. ஆகவே மாணவர்களுக்கு முதலில் நிலாவைக் காட்டுங்கள், அதுவும் பௌர்ணமியில் அல்ல. முதற்காற் பகுதியின் நாட்களில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்களின் விளிம்பு வெளிச்சத்திலும் அடிப்பகுதி கறுப்பிலும் இருக்கும், நிழலின் நீளத்தைக் கண்ணாலேயே காணலாம். பௌர்ணமியில் நிழல் இல்லாததால் எல்லாம் தட்டையாகத் தெரியும். நிறம் வேண்டுமென்றால் கேட்டை நட்சத்திரத்தின் செம்மஞ்சளையும் சித்திரையின் நீலவெண்மையையும் ஒரே இரவில் ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும், ஒருவர் கைத்தொலைபேசியைத் திறந்தால் எல்லோருக்கும் அது வீணாகும். ரோச்சில் சிவப்பு நிற ஒளிபுகும் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியில் இரவுப் பயன்பாட்டுக்கான செந்நிறத் திரையும் இருக்கிறது.

2025 மே 7

பைனாகுலரே போதும், தொலைநோக்கி வீண் செலவு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. 7×50 அல்லது 10×50 பைனாகுலர் முதற் கருவியாக மிக நல்லது, கார்த்திகைக் கூட்டம் அதில்தான் அழகு. ஆனால் சனியின் வளையத்தைப் பிரித்துக் காட்ட அதனால் முடியாது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அந்த வளையத்தைக் கண்ட இரவு வாழ்நாள் முழுவதும் நிற்கும். அந்தச் செலவை வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

2025 யூலை 27

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் முகில் குறைவு. ஆனால் வீச்சில் குழாய் ஆடும், புழுதி ஏறும். வீட்டின் கிழக்குப் புறச் சுவரோரம் வைத்தால் காற்று மறையும், மேற்கு வானம் மட்டும் போய்விடும். இந்த மாதத்தில் அது பெரிய இழப்பல்ல. விருச்சிகத்தின் வாலருகே உள்ள எம்7, எம்6 (மெசியே பட்டியல் எண்கள்) நட்சத்திரக் கொத்துகள் தெற்கு வானத்தில் நல்ல உயரத்தில் நிற்கின்றன, இரண்டையும் 26 மடங்குக்கு மேல் பெருக்காதீர்கள். அவற்றுக்கு வடக்கே லகூன் நெபுலா எம்8 இருக்கிறது. பால்வீதி அங்கேதான் மிகத் தடிப்பாக இருக்கும்.

கடற்காற்று நேரே அடிக்கும் இரவுகளில் தொலைநோக்கியை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. அலைத்தூவலின் உப்பு ஆடியின் அலுமினியப் பூச்சைத் தின்றுவிடும். கடற்கரையில் வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கும், இருந்தாலும் வீட்டு வளவே மேல்.

2025 செப்டெம்பர் 8

நேற்றிரவு முழுச் சந்திர கிரகணம் நம் நேரப்படி 9.57க்குத் தொடங்கி, 11.00 மணி முதல் 12.22 வரை முழுமையாக இருந்து, 1.26க்கு விலகியது. முகில் விட்டுவிட்டு மறைத்தாலும் வேண்டியதைக் கண்டோம். 26 மடங்கில் முழு நிலாவும் ஒரே காட்சியில் அடங்கியது. முழுக் கிரகணத்துக்குச் சற்று முன்னர் நிழலின் விளிம்பில் சிவப்புக்கும் வெண்மைக்கும் இடையே மெல்லிய நீலப் பட்டை ஒன்று தெரிந்தது. பூமியின் ஓசோன் படலத்தின் ஊடாக வந்த ஒளி சிவப்பை இழந்து நீலமாக விழுவதால் அது வருகிறது. வெறுங்கண்ணால் அதைக் காண்பது கடினம், சிறிய தொலைநோக்கியே போதும். நிலாவின் ஒளி மங்கியதும் அதன் அருகே அதுவரை தெரியாதிருந்த சிறு நட்சத்திரங்கள் வெளிப்பட்டன. உணவைத் தர்ப்பையிட்டு மூடிவைத்திருந்த அயல்வீட்டு அம்மாவும் வந்து நெடுநேரம் பார்த்தார், பிள்ளைகளையும் எழுப்பிக் கூட்டிவந்தார்.

சனியும் கிழக்கே சற்றுத் தள்ளி நின்றது. வளையம் எங்கே, உடைந்துவிட்டதா என்று மகள் கேட்டாளாம். அவளுக்குச் சொல்லுங்கள்: சனி சூரியனைச் சுற்ற 29 ஆண்டுகளுக்குச் சற்று மேல் எடுக்கிறது, அதற்குள் இருமுறை வளையத்தின் விளிம்பு நம்மை நேரே நோக்கும். கடந்த மார்ச் 23 அன்று அப்படி நோக்கியது, அப்போது சனி சூரியனுக்கு அருகே இருந்ததால் நாம் காணவில்லை. இப்போது கோளை ஊடறுக்கும் மெல்லிய கோடாகத் தெரிகிறது, நவம்பரில் மீண்டும் மிக மெலியும். பின்னர் ஆண்டுதோறும் விரியும். இந்தக் கோட்டையும் கொப்பியில் வரையச் சொல்லுங்கள், அடுத்த ஆண்டு வரைவதோடு ஒப்பிடலாம்.

2025 ஒக்டோபர் 19

மாரி தொடங்கப் போகிறது, தொலைநோக்கியை மூடிவைக்கும் முறையைக் கேட்டிருக்கிறீர்கள். நவம்பர், டிசம்பர் மாதங்களின் ஈரத்தில் வில்லைகளில் பூஞ்சணம் பிடிக்கும். நூல்வலைபோல் படரும் அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் திருத்த முடியாது. பார்வைத்துண்டுகளைக் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். நீலமணிகள் இளஞ்சிவப்பானால் ஈரத்தை முழுதாக உறிஞ்சிவிட்டன என்று பொருள். சமையலுக்கு எடுக்காத பழைய தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். குழாயைச் சுருக்கி, வாயைத் துணியால் மூடி, பெரிய பொலித்தீன் பையில் சிலிக்கா ஜெல்லோடு கட்டி, நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். ஈரமாக இருக்கும்போது கட்டக் கூடாது, ஒருநாள் முழுக்க நிழலில் உலர விடுங்கள்.

ஆடியில் தூசி இருக்கிறது, துடைக்கலாமா என்பதற்கு: வேண்டாம். ரோச் அடித்துப் பார்த்தால் எந்த ஆடியும் அழுக்காகத்தான் தெரியும், அந்தத் தூசியால் காட்சி குறையாது. உப்புப் படிந்து வெண்புள்ளிகள் தெரிந்தால் மட்டும் ஆடியைக் கழற்றிக் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் நம் கரையில் உவர், அதன் உப்பே புதுப் புள்ளியாகிவிடும். பற்றரிக்கு ஊற்றும் வடிநீரைப் பயன்படுத்துங்கள். முதலில் நீரை ஓடவிட்டு மணற்றுகளை அகற்றி, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் பஞ்சை நனைத்து, அழுத்தாமல் அதன் சொந்த எடையில் இழுத்து, திரும்ப வடிநீரால் அலசிச் சாய்த்து வைத்து உலர விடுங்கள். திரும்பப் பூட்டியதும் இரு ஆடிகளையும் ஒழுங்குபடுத்த வேண்டும். பார்வைத்துண்டை எடுத்துவிட்டுக் குழல் வழியே பார்த்தால் பெரிய ஆடியின் விளிம்பு முழுதும் சிறிய ஆடிக்குள் ஒரே மையத்தில் தெரிய வேண்டும்.

வியாழன் 2026 யனவரி 10 அன்று சூரியனுக்கு நேரெதிரே வந்து இரவு முழுவதும் தெரியும். மழைக்கிடையே வானம் வெளிக்கும் இரவுகள் யனவரியில் அமையலாம், ஆகவே பெட்டியை அலுமாரியின் அடியில் போட்டுவிடாமல் கைக்கெட்டும் இடத்திலேயே வையுங்கள்.